தெரியுதா என்று கேட்டீர்கள்

நேற்று சாயங்காலம் கரண்ட் போனது. மகள் மெழுகுவத்தியை ஏற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அதை நிறுத்தி வைக்க ஏதாவது கிடைக்குமா என்று அடுப்படிக்குப் போனாள். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தவள், "அப்பா, விரல்ல மெழுகு ஊத்துது, பேசாம நிக்கிறீங்க?" என்று கத்தினாள். பார்த்தேன். வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் வெள்ளையாக ஒரு படலம். உரித்துப் போட்டேன். அடியில் தோல் சிவந்திருந்தது. வலி இல்லை. மெழுகு வாசனை மட்டும் மூக்கில் ஏறியது. அந்த வாசனையோடு நீங்களும் வந்து நின்றீர்கள்.

நீங்கள் இறந்துபோய் ஒரு மாதம் ஆகப்போகிறது. செய்தி கேட்ட அன்று எனக்கு அழுகை வரவில்லை. கடையில் ஒரு கல்யாண வீட்டாருக்குப் பட்டுப்புடவை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பாலக்கரையிலிருந்து வந்த ஒருவர், உங்கள் தெருக்காரராம், பேச்சுவாக்கில் சொன்னார். "அப்படியா" என்றேன். அடுத்த புடவையைப் பிரித்தேன். மாம்பழக் கலரில் அரக்கு பார்டர். அதன் விலையைக்கூடத் தப்பில்லாமல் சொன்னேன். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறேன். வருத்தப்படவேண்டிய மனிதன் வருத்தப்படாமல் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. எழுதினால் ஏதாவது வருமா என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களை என்னவென்று கூப்பிடுவது என்பதே நீங்கள் வேலை பார்த்த அந்த ஆஸ்பத்திரியில் ஒரு குழப்பம். சிலர் டாக்டர் என்றார்கள். சிலர் கம்பவுண்டர் என்றார்கள். என் மனைவி முதல் நாளே, "அந்த மசாஜ்காரரு எப்ப வருவாரு?" என்று வாசலில் நின்று உங்களிடமே கேட்டுவைத்தாள். உங்களுக்கு அந்த ஒரு வார்த்தைதான் ஆகாது. "மசாஜ் இல்லீங்க, பிசியோதெரபி. நான் அதுல அசிஸ்டென்ட்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னீர்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு, பஸ்ஸில் வரும்போது, "மசாஜ்காரர் கொஞ்சம் கோவக்காரர் போல" என்றாள்.

நான் வந்து சேர்ந்த கதை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஜவுளிக்கடை. தீபாவளிக்கு முந்தின வாரம். மேல்தட்டில் இருந்த பட்டுக் கட்டை எடுக்க ஏணியில் ஏறியவன் சறுக்கி, கண்ணாடி அலமாரிக்குள் வலது கையை விட்டேன். மணிக்கட்டுக்கு மேலே நரம்பு அறுந்துபோனது. அதைச் சேர்த்துத் தைத்து, மாவுக்கட்டுப் போட்டு, கட்டைப் பிரித்தபோது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் என்னுடையவையாக இல்லை. வேறு யாருக்காவது அந்த மூன்று விரல் போயிருந்தால் எழுத முடியாது, சாப்பிட முடியாது என்று கவலைப்பட்டிருப்பார்கள். எனக்கு அவை சோறு போட்ட விரல்கள். துணியை அந்த மூன்று விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும், எத்தனாம் நம்பர் நூல், கலப்படம் எவ்வளவு, ஒரு துவைப்புக்குத் தாங்குமா என்று சொல்லிவிடுவேன். கடை முதலாளி அதற்காகத்தான் என்னைப் பட்டுப் பக்கம் நிறுத்தியிருந்தார். "சித்திரைக்குள்ள கை சரியாயிடணும்ப்பா. கல்யாண சீசன். இல்லன்னா அந்த இடத்துக்கு நான் வேற ஆளைப் போடத்தான் வேணும்" என்று அவர் சொன்னதில் கோபம் எதுவும் இல்லை. அதனால்தான் சொன்னபடி செய்துவிடுவார் என்று எனக்குப் புரிந்தது.

தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து காலை பஸ்ஸில் பாலம் தாண்டி வருவேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட நீளமான அறை. சுவரில் ஒரு பெரிய சக்கரம், உத்தரத்தில் கப்பியும் கயிறும், நடுவில் பிடித்து நடக்க இரண்டு இரும்புக் கம்பி. மூலையில் ஸ்டவ்வின் மேல், கைகளை முக்கி எடுக்க உருக்கி வைத்த மெழுகுத் தொட்டி. டாக்டரம்மா திங்கட்கிழமை வந்து எல்லோருடைய சீட்டையும் பார்ப்பார்கள். என் கையைத் திருப்பிப் பார்த்து இங்கிலீஷில் இரண்டு வரி எழுதுவார்கள். அந்த இரண்டு வரியை வாரம் முழுக்கச் செய்பவர் நீங்கள். ஒரு விரலை முப்பது தடவை மடக்கி முப்பது தடவை நீட்டவேண்டும் என்று எழுத ஒரு நிமிஷம் போதும். மடக்கி நீட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். வந்திருந்த இருபது பேருக்கும் அந்த ஆள் நீங்கள்தான்.

"நரம்பு அவசரப்படாதுங்கண்ணே. ஒரு மாசத்துக்கு உங்க கட்டைவிரல் அகலம் நகரும். அவ்வளவுதான் அதோட வேகம்" என்பீர்கள். நமக்கு இரண்டு பேருக்கும் ஒரே வயசுதான் இருக்கும். என்னை முதல் நாளிலிருந்து அண்ணே என்றே கூப்பிட்டீர்கள்.

பச்சைமலைப் பக்கத்திலிருந்து இடுப்பு எலும்பு முறிந்து வந்திருந்த ஒரு விவசாயியை நினைத்துக்கொள்கிறேன். அவரைக் கம்பிக்கு நடுவில் நிறுத்தி, பின்னால் வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொள்வீர்கள். "சாமி, விட்டுறாதீங்க சாமி" என்பார் அவர். "விடத்தான் போறேன். ஆனா சொல்லிட்டுத்தான் விடுவேன். இப்ப விடலை. இன்னும் ரெண்டு அடி. இப்ப விடப் போறேன்... விட்டுட்டேன்." சொல்லாமல் விட்டால்தான் தைரியமாக நடப்பார் என்று நான் ஒருநாள் உங்களுக்கே யோசனை சொன்னேன். சிரித்தீர்கள். "ஒரு தடவை ஏமாத்தினா அடுத்த தடவை என் கையை நம்ப மாட்டாருங்கண்ணே. என்கிட்ட இருக்கிறது இந்தக் கை மட்டும்தான்" என்றீர்கள். எனக்கு அது அப்போது பெரிய பேச்சாகத் தோன்றவில்லை.

எனக்கென்று நீங்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. மற்றவர்களுக்குச் சாவி, பொத்தான், ஆணி. எனக்கு, "கடையில வெட்டுத்துண்டு கிடக்கும்ல, கொண்டாங்க" என்றீர்கள். மல், பாப்ளின், காடா, டெரிகாட்டன், வெல்வெட், எல்லாவற்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று கொண்டு வந்தேன். மஞ்சள் பையில் போட்டு, என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பைக்குள் கையை விடவைப்பீர்கள். இடது கை டாண் டாணென்று சொல்லும். வலது கையை விட்டால் பைக்குள் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். "தெரியலை" என்பேன் எரிச்சலோடு. "தெரியலைன்னு சொல்றதும் ஒரு பதில்தாங்கண்ணே. நோட்டுல ஏத்திக்கிறேன்" என்பீர்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு காடாவையும் பாப்ளினையும் பிரிக்கக் கற்றுக்கொண்டீர்கள். "இப்படியே போனா உங்க கடையில எனக்கு வேலை போட்டுக் குடுத்துருவீங்க போல" என்று கேலி செய்தீர்கள். என் விரல்கள்தான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த அறையில் எங்களுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மெழுகுத் தொட்டிக்குப் போனவன் தேறிவிட்டான் என்று அர்த்தம். எனக்குப் பிறகு வந்த ஒரு மில் தொழிலாளி, ஒரு டீச்சர் எல்லோரும் மெழுகில் கையை முக்கி முக்கி எடுத்து, வெள்ளைக் கையுறை போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு உடற்பயிற்சி செய்தால் விரல் நன்றாக மடங்கியது. எனக்குத் தரமாட்டீர்கள். "உணர்ச்சி வராம மெழுகு கூடாதுங்கண்ணே. சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது." வாரத்துக்கு ஒருமுறை சோதனை. கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். முதலில் பஞ்சு, பிறகு வெந்நீர் ஊற்றிய சின்னக் கண்ணாடிக் குப்பி. இரண்டுக்கும் ஒரே கேள்விதான்: "தெரியுதா?" வாராவாரம் தெரியவில்லை.

பங்குனி வந்துவிட்டது. சோதனை நாள். அன்று உங்களுக்கு வேலை நெருக்கடி, வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். "கண்ணை மூடிக்குங்க" என்றீர்கள். மூடினேன். பிறகு இமையை ஒரு நூல் அளவு திறந்தேன். பஞ்சு என் ஆள்காட்டி விரலில் படுவதைப் பார்த்தேன்.

"தெரியுதா?"

"தெரியுது."

குப்பி நடுவிரலில் பட்டது. அதன் மேல் ஆவி படிந்திருந்தது.

"இது தெரியுதா?"

"தெரியுதுங்க."

பல வருஷம் நான் எனக்கே வக்கீலாக நின்று வாதாடியிருக்கிறேன். நீங்கள் தெரியுதா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரிகிறதுதானே? நம் பாஷையில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை இருந்தால் அதற்கு நானா பொறுப்பு? ஜவுளிக்கடைக்காரனுக்கு வாய்ச் சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் முகம் மலர்ந்ததை அந்த இடுக்கு வழியாகவே பார்த்தேன். "வந்துருச்சுண்ணே!" என்று மில் தொழிலாளியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னீர்கள். அவரும் கை தட்டினார். தொட்டிக்குக் கூட்டிப்போனீர்கள். "அடியில விரல் படக்கூடாது. தகரம் ரொம்பச் சுடும். பட்டா உங்களுக்கே சுருக்குன்னு தெரியும், எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு, கம்பியில் நின்ற ஒரு பாட்டியைப் பார்க்க ஓடினீர்கள்.

எனக்குச் சுருக்கென்று தெரியவில்லை. மெழுகு இளஞ்சூடாக மணிக்கட்டில் ஏறியது, அங்கே உணர்ச்சி உண்டு, சுகமாகக்கூட இருந்தது. விரல் நுனிகள் அடித் தகரத்தில் உட்கார்ந்திருந்தன. நீங்கள் திரும்பி வந்து மெழுகை உரித்தபோது தோலும் கூடவே வந்தது. நீங்கள்தான் "ஐயோ" என்றீர்கள். நான் என் விரலை இன்னொருவர் விரலைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார்கள். திங்கட்கிழமை இல்லாத நாளில் அவர்களை அந்த அறையில் பார்த்ததே இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் கடை மானேஜரும் வந்திருந்தார். நான் எப்போது வேலைக்கு வருவேன் என்று கேட்டு வர முதலாளி அனுப்பியிருந்தார். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு ஓரமாக, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் நீங்கள், பஞ்சும் மருந்தும் வைத்த தட்டோடு.

"டெஸ்ட் பண்ணும்போது உங்களைக் கண்ணை மூடச் சொன்னாரா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க" என்றார்கள் டாக்டரம்மா.

சொன்னார், நான்தான் திறந்து பார்த்தேன் என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால் என் விரலில் இன்னும் உயிர் இல்லை என்பது மானேஜர் காதில் விழும். பட்டுப் பக்கம் போய்விடும். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். இதையெல்லாம் நிதானமாக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நொடியில் எல்லாம் கண்முன் வந்து நின்றது.

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

உங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. டாக்டரம்மா உங்கள் பக்கம் திரும்பினார்கள். நீங்கள் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். நீங்கள் சொன்னால் அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள்.

"மறந்திருப்பேன் மேடம். கூட்டமா இருந்துச்சு" என்றீர்கள்.

அடுத்த வாரம் நீங்கள் அந்த அறையில் இல்லை. இனிமேல் நோயாளியைத் தொடும் வேலை வேண்டாம் என்று துணி ரூமில் போட்டுவிட்டார்கள். வெளுத்து வருகிற விரிப்பையும் தலையணை உறையையும் எண்ணி வார்டுக்கு அனுப்புகிற வேலை. ஜவுளிக்காரன் நான், துணி எண்ணப் போனது நீங்கள். உங்கள் இடத்துக்கு வந்தவர் நல்ல மனிதர்தான். அந்த மஞ்சள் பை எதற்கு என்று அவருக்குத் தெரியாது, அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டார். நானும் எடுத்துச் சொல்லவில்லை. பச்சைமலைக்காரர் கம்பிக்கு நடுவில் நின்றுகொண்டு, "அந்தச் சாமி எங்கே?" என்று எல்லோரையும் கேட்டார். என்னையும் கேட்டார். மாற்றிவிட்டார்களாம் என்றேன். அவர் அன்று நடக்கவில்லை.

என் கதைக்கு ஒரு குறையும் வரவில்லை. சித்திரையில் கடைக்குப் போனேன். வலது கையால் துணியைப் பிடித்து, இடது கையால் அடியில் தடவி விலை சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை. பிறகு கட்டைவிரலுக்கு உணர்ச்சி வந்தது, மற்ற இரண்டின் நுனிக்கும் வரவேயில்லை. சுட்ட தோல் ஆறி, வழவழவென்று ஆகிவிட்டது.

நீங்கள் ஒருமுறை கடைக்கு வந்தீர்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து. மகளுக்கு ஸ்கூல் யூனிபாரம் துணி வேண்டும் என்றீர்கள். நான் எடுத்துப் போட்ட துணியைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இடது கையாலயாண்ணே பாக்குறீங்க?"

"ஆமாங்க" என்றேன். அந்தக் கடையில் அதைக் கண்டுபிடித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கவுண்டருக்கு மேல் கையை நீட்டி என் வலது கையை எடுத்து, நடுவிரலை மடக்கி நீட்டினீர்கள். நான்கைந்து தடவை. பக்கத்தில் நின்ற வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "மடங்குது. தினம் செய்யுங்க, விட்டுறாதீங்க" என்றீர்கள். என்ன வேலையில் இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்களாகவே, "இன்னும் துணி ரூம்தாங்கண்ணே. எல்லாம் ஒரே காடா, கண்ணை மூடிக்கிட்டே எண்ணலாம்" என்று சிரித்தீர்கள். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். மானேஜர் சாப்பிடப் போயிருந்தார். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். நான் துணியை இரண்டு இஞ்சு தாராளமாகக் கிழித்து மடித்துக் கொடுத்தேன். அதோடு முடித்துக்கொண்டேன்.

நீங்கள் போன செய்தி வந்த பத்தாம் நாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். விசாரிக்கப் போனேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும், உள்ளே ஒரு தீர்மானத்தோடுதான் போனேன். உங்களிடம் சொல்லாததை உங்கள் மனைவியிடமாவது சொல்லிவிடவேண்டும். பஸ்ஸில் வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

மாதா படத்துக்குப் பக்கத்தில் உங்கள் போட்டோவை வைத்திருந்தார்கள். நான் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஜவுளிக்கடை என்றதுமே உங்கள் மனைவி எழுந்துவிட்டார்கள்.

"நீங்களாங்கண்ணே அது! அவரு உங்களைப் பத்திப் பேசாத நாள் இல்லீங்க. அந்த டாக்டரம்மா முன்னாடி அவருக்காக நீங்க எவ்வளவோ சொன்னீங்களாமே. 'அவரு கண்ணை மூடத்தான் சொன்னாரு, நான்தான் ஆசையில திறந்து பாத்துட்டேன், அவரு மேல தப்பில்ல'ன்னு சொன்னீங்களாம். அவங்கதான் கேக்கலையாம். 'எனக்காக ஒருத்தர் பேசுனாரு, அது போதும்'னு சொல்லுவாருங்க."

நான் பஸ்ஸில் சேர்த்து வைத்த வார்த்தைகள் ஏறக்குறைய அவைதான்.

ஆக, நான் கண்ணைத் திறந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எதற்காகத் திறந்தேன் என்பதும் தெரிந்திருக்கிறது. நான் பேசாத பேச்சை நீங்களே உண்டாக்கி, என் வாயில் வைத்து, வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறீர்கள். அவர்களுக்கு என்மேல் ஆத்திரம் வரக்கூடாது என்று அப்படிச் சொன்னீர்களா? இல்லை, யாராவது ஒருத்தர் உங்களுக்காகப் பேசியதாக நினைத்துக்கொள்ள உங்களுக்கே தேவைப்பட்டதா? இரண்டாவதாக இருந்தால் அதை நினைக்கவே எனக்குத் தாங்கவில்லை. இதை எழுதும்போதுதான், இத்தனை நாளில் முதல் தடவையாக, நெஞ்சில் ஏதோ ஓரிடத்தில் வலிக்கிறது.

உங்கள் மனைவி அன்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"ஆமாம்மா, சொன்னேன்" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டார்கள். உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்கள். குடித்தேன். உங்கள் மகள் வந்து, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கும்பிடு என்னிடம்தான் இருக்கிறது. அது எனக்குரியது இல்லை, கொண்டுபோய்க் கொடுத்துவிடவேண்டும். இதற்குள் இரண்டு முறை பாலக்கரையில் இறங்கி, உங்கள் தெரு முனை வரைக்கும் போனேன். இரண்டு முறையும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பிவிட்டேன்.